படகுக்குள் ஒரு நிறைகுடம்

என் மனைவி படகைத் துடைக்கும்போது அதனோடு கதைப்பாள். "பொறு, இந்தப் பக்கம் ஒருக்காத் திருப்பி விடுறன்" என்பாள். படகு திரும்பாது. டிரெய்லரின் மேல் அசையாமல் கிடக்கும். அவள்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போவாள். ஜெர்மனியின் எசன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், தாமாகப் புரண்டு படுக்க முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது அவளது வேலை. அந்தக் கைகளுக்கு வேறு மாதிரித் துடைக்கத் தெரியாது. மடிப்புகளுக்குள் ஈரம் நிற்கக் கூடாது. எந்த இடமும் அதிக நேரம் பாரம் தாங்கக் கூடாது. துடைத்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன். கேட்டதை எடுத்துக் கொடுப்பேன். மற்றபடி பார்த்துக்கொண்டிருப்பேன், ஓரிடத்தில் நிற்கத் தெரியாத என்னை அவ்வளவு நேரம் நிற்க வைத்த காட்சி வேறொன்று இல்லை.

அது பாஸ் என்ற மீனைத் துரத்துவதற்கென்றே அமெரிக்காவில் செய்த படகு. தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும் தட்டை உடம்பு. நின்று தூண்டில் வீசுவதற்கு முன்னுக்கும் பின்னுக்கும் மேடை. நடுவில் உட்கார இரண்டு கதிரை. பின்மேடைக்குக் கீழே, பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்க ஒரு தொட்டி. சிவப்பு உடம்பு முழுக்க வெள்ளிப்பொடி தூவிய மினுக்கம். வெயில் பட்டால் கோவில் திருவிழாக் கடையில் தொங்குகிற காப்புக் கொத்து மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்து ரைன் ஆற்றில் அந்தப் பாஸ் மீன் கிடையாது. இங்கே கிடைப்பது பார்ஷ். முதுகில் முள்ளும் விலாவில் வரியும் உள்ள முரட்டுச் சிறுவன். ஆழத்தில் சாண்டர், கண்ணாடிக் கண்ணன்.

"இது படிச்சது ஒரு வேலைக்கு, இஞ்சை வந்து செய்யிறது வேற வேலை," என்றாள் மனைவி, படகு வந்த முதல் நாள். "எங்கட ஆக்கள் மாதிரித்தான்."

வாங்கியவள் அவள். மீன்பிடி அனுமதிக்கான பரீட்சையிலும், படகு ஓட்டும் பரீட்சையிலும் தேறியவளும் அவள்தான். நான் மீன் படங்களில் கவிழ்ந்தேன். அட்டையில் எந்த மீனைக் காட்டினாலும் எனக்கு அது குழம்புக்குள் கிடப்பது போலவே தெரிந்தது.

அவளுடைய அண்ணன், என் மச்சான், பக்கத்துத் தெருவில் இருக்கிறார். டிரெய்லர் இழுக்கும் கொக்கி உள்ள கார் எங்கள் குடும்பத்தில் அவரிடம் மட்டும்தான். அதனால் படகைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமையும் தனக்கே என்று நினைத்திருந்தார்.

"எடி, இந்த வயசிலை பெண்டுகள் தாலிக்கொடியை அழிச்சுப் புதுசாச் செய்விப்பினம். நீ போட் வாங்கியிருக்கிறாய்."

"கொடியிலை ஏறி ஆத்திலை போகேலுமோ அண்ணை?"

மச்சான் டிரெய்லர் பக்கம் திரும்பினார். கொக்கியைப் பூட்டிவிட்டுக் காரைக் கிளப்பினார்.

ஏன் படகு என்று நானும் கேட்டிருக்கிறேன். "அங்கை ஒருத்தரும் மணி அடிக்கமாட்டினம்" என்றாள். அவ்வளவுதான் விளக்கம். இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு அழைப்பு மணி தொங்கும். அவளது காது வேலை முடிந்த பிறகும் அதற்காகவே நிமிர்ந்திருக்கும். வீட்டுக் குசினியில் குக்கர் கூவினால், "வருகிறேன்" என்று ஜெர்மனில் பதில் சொல்லிவிட்டு, பிறகு தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். கோடையில் முதல்முறை ஆற்றின் கிளையொன்றுக்குள் போய் அவள் எஞ்சினை நிறுத்தினாள். படகு தன் வேகத்தின் மிச்சத்தில் கொஞ்சம் போய், தயங்கி, நின்றது. வில்லோ மரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. எங்கேயோ ஒரு சரக்குக் கப்பல் முனகிக்கொண்டு போனது. அப்போது அவளது தோள்கள் இறங்கின. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தத் தோள்களை நான் அறிவேன். அவற்றுக்கு அப்படி ஒரு கீழ்ப்படி இருக்கிறதென்று அன்றுதான் கண்டேன்.

இதனால்தான் மாரிக் குளிர்காலம் வந்தபோது எனக்கும் பயம் வந்தது.

இங்கே வீதியோரத்தில் கார் இல்லாமல் டிரெய்லரை மட்டும் மாரி முழுக்க விட்டுவைக்க முடியாது. படகுகளை வாடகைக்கு வைத்திருக்கும் மண்டபங்களில் இடமில்லை. கேட்டுக் கேட்டு அலைந்து, கடைசியில் நகரத்துக்கு வெளியே ஒரு விவசாயி தன் வைக்கோல் கொட்டகையில் ஒரு மூலை தந்தார். நெட்டையான மனிதர்; எதையும் ஒரே தரம்தான் சொல்வார். ஒரு நிபந்தனை போட்டார்: நெருப்பு கூடாது. சிகரெட், மெழுகுதிரி, தீக்குச்சி, எதுவும்.

ஒக்டோபரில் படகை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். நான் அதை வெறும் நிறுத்தி வைப்பு என்று நினைத்திருந்தேன். அவளுக்கு அது ஆஸ்பத்திரி அனுமதிப்பு. எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவினாள். பிறகு அதை நிமிர்த்தி நிறுத்தி, உள்ளே நின்ற தண்ணீர் தானாக வடியும் வரைக்கும் கீழே ஒரு தட்டை வைத்துக் காத்திருந்தாள். பழைய எண்ணெயை எடுத்து விரல்நுனியில் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்து, புது எண்ணெய் விட்டாள். பற்றரியைக் கழற்றி, வீட்டு நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோக என் கையில் தந்தாள். டிரெய்லரின் சில்லுகளை ஜாக்கி வைத்து நிலத்திலிருந்து மயிரிழை உயர்த்தினாள்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒரே இடத்திலை பாரம் கிடந்தால் ரயருக்கும் படுக்கைப்புண் வரும்."

படகின் மூக்கைத் தூக்கி, வாலைத் தாழ்த்தி, அடியில் இருந்த அடைப்பைக் கழற்றினாள். ஒரு கை தண்ணீர் கறுப்பாக வழிந்து மண்ணில் ஊறியது. கதிரைகளுக்கு அடியில், பெட்டிகளின் மூலைகளில், தொட்டியில், துவாயால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தொட்டியிலிருந்து ஒரு குழாய் படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. துளைக்கும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். அதற்குள் ஒரு விரலை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு எலி ஏறாமல் அதன் வெளிவாயை இறுக்கி அடைத்தாள்.

"குளிர் ஒண்டும் செய்யாது," என்றாள் எங்கள் இருவரிடமும். "உள்ளுக்கை நிக்கிற தண்ணிதான் உடைக்கும். அது உறைஞ்சு வீங்கும். இந்தக் குழாயைப் பொருத்தின பூட்டு வெடிச்சுதெண்டால், அந்த இடத்திலை போட்டின்ரை உடம்பும் சேர்ந்து வெடிக்கும். பிறகு ஒட்டிப்போட்டு ஓடலாம். ஆனால் நான் ஓட மாட்டன். ஆத்துக்கு நடுவிலை நிண்டுகொண்டு, தண்ணி வருதோ வருதோ எண்டு குனிஞ்சு பாக்கிறதுக்கு எனக்குப் போட் தேவையில்லை. அந்த வேலை எனக்கு முதியோர் ஹைமிலை இருக்கு."

"அப்ப வெடிச்சால்?" என்றார் மச்சான்.

"வெடிச்சால் விப்பன். ஒரு சொல்லும் கதைக்க மாட்டன்."

அவள் அப்படிச் சொன்னால் செய்வாள். மச்சானுக்கும் தெரியும். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றது.

அது நவராத்திரி முடிந்த கிழமை. ஆயுதபூசைக்கு மச்சான் தன் காருக்குச் சந்தனம் வைத்திருந்தார். படகையும் சும்மா படுக்க விடக் கூடாது என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். படகைப் பகிடி பண்ணிய அதே மனிதர்! நெருப்பு கூடாதென்பதால் விளக்கில்லை, கற்பூரமில்லை. ஊதுபத்தியைக் கொளுத்தாமலே குத்தி வைத்தோம். மனைவி படகின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் இட்டாள். எஞ்சினுக்கு ஒரு பூமாலை. சூப்பர்மார்க்கெட் செவ்வந்தியில் கோத்தது. விளக்கில்லாத குறை தீர நிறைகுடமாவது நிற்கட்டும் என்றார் மச்சான். எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, மாவிலை சொருகி, தேங்காயை வைத்தோம். படகின் மேடை சரிந்திருந்ததால் குடம் நிற்கவில்லை. தொட்டியின் மூடியைத் திறந்து, அதற்குள் ஒரு தட்டில் பச்சையரிசியைப் பரப்பி, அதன் மேல் குடத்தை அமர்த்தினோம். தொட்டியின் சுவர்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கோவில் தேர்க்கொட்டகையில் ஒரு சிவப்புத் தேர் நிற்பது போல.

கும்பிட்டு முடிந்ததும் நான் குடத்தை எடுக்கப் போனேன்.

"உடனை எடுக்கக் கூடாது மச்சான்," என்றார் அவர். "கொஞ்சம் நிக்கட்டும். அடுத்த கிழமை பாக்க வரேக்கை எடுப்பம்."

மனைவியும் தலையாட்டினாள். மேலே துணி மூடினோம். காற்றுப் போக அங்கங்கே இடைவெளி விட்டாள். ஒரு படகிலிருந்து கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் ஒற்றி எடுத்துவிட்டு, அதன் வயிற்றுக்குள் ஒரு குடம் தண்ணீரை வைத்துவிட்டு, எலிக்குப் பயந்து வாசலை அடைத்துவிட்டு, உள்ளே அதற்கு அரிசியும் பரப்பிவிட்டு, மூன்று பேரும் திருப்தியாகக் காரில் ஏறினோம். அந்த நேரம் இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பூசையில் வைக்கும் தண்ணீர் தண்ணீர்க் கணக்கில் வராது போலும்.

அடுத்த கிழமை இல்லத்தில் பாதிப் பேருக்குச் சளிக்காய்ச்சல். மனைவி இரட்டை வேலை செய்தாள். அதற்கடுத்த கிழமை மழை. பிறகு டிசம்பர் நத்தார். பிறகு குளிர் வந்தது. ஜன்னல் கண்ணாடியில் காலையில் பூப்போடும் குளிர். அவள் படுக்கையில் இருந்தபடியே, "பாவம், அது அங்கை தனியக் கிடக்குது," என்பாள். "காய்ஞ்சுதானே கிடக்குது," என்று நான் ஆறுதல் சொல்வேன்.

தைப்பொங்கல் அன்று காலை, பொங்கல் பானையை அடுப்பில் வைத்துவிட்டு அவள் குசினி அலுமாரியைத் திறந்தாள். மூடினாள். அடுத்ததைத் திறந்தாள். மச்சானும் தன் வீட்டுப் பொங்கலோடு வந்து கதிரையில் இருந்தார்.

"இஞ்சேருங்கோ, குடம் எங்கை?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். பால் பொங்கி வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள். அலுமாரியில் இருந்த சுடுதண்ணிப் பைகளை எடுத்தாள். துவாய்கள், சமையல் கடதாசிச் சுருள், டோர்ச். மச்சான் கொண்டுவந்த பொங்கலை ஒரு பெட்டியில் போட்டாள். "வெளிக்கிடுங்கோ" என்றாள். அவசர மணி அடித்த அறைக்கு அவள் இப்படித்தான் போவாள் என்று நினைத்துக்கொண்டேன்: ஓடாமல், ஆனால் யாராலும் கூடவே நடக்க முடியாத வேகத்தில்.

வெள்ளை வயல்களுக்கு நடுவே வழி போனது. வரப்புகளில் காகங்கள் எழுத்துப் பிழைகள் மாதிரி நின்றன. காருக்குள் மச்சான்தான் முதலில் கதைத்தார்.

"நான்தான் உடனை எடுக்கக் கூடாதெண்டனான்."

"நானும்தான் தலையாட்டினனான்," என்றாள் அவள். "வடிவா ரோட்டைப் பாத்து ஓடுங்கோ அண்ணை."

விவசாயி கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்தார். துணியை நீக்கினோம். தட்டில் ஒரு மணி அரிசி மிச்சமில்லை. எலிகள் பொங்கலை எங்களுக்கு முன்பே முடித்திருந்தன. அரிசி போனதும் உருண்டை அடிக் குடம் சரிந்து சுவரில் சாய்ந்திருந்தது. தேங்காய் ஒரு மூலையில். தொட்டியின் அடியில் பனிக்கட்டி, மாவிலையைத் தன்னுள் வைத்துக்கொண்டு, கண்ணாடிப் பேழை போல. குழாயின் வாய் அந்தக் கட்டிக்குள் மறைந்து போயிருந்தது.

"நவம்பரிலேயே நான் இதைப் பார்த்தேன்," என்றார் விவசாயி ஜெர்மனில். "குடம் அப்போது கொஞ்சம்தான் சாய்ந்திருந்தது. உங்கள் கடவுளுடைய சாமான், தொடக் கூடாதென்று விட்டுவிட்டேன்."

அவரைக் கோபிக்க என்ன இருக்கிறது? நாங்கள் தொடாமல் விட்டதும் அதே காரணத்தால்தான்.

நான் வீட்டில் இருந்து பிளாஸ்கில் கொதிநீர் கொண்டு வந்திருந்தேன். மூடியைத் திறந்தேன்.

"விசரே உங்களுக்கு? விறைச்ச காலிலை கொதி தண்ணி ஊத்துவியளோ? மிச்சமும் வெடிச்சுப்போம். மூடுங்கோ."

விவசாயியின் குசினியில் சுடுதண்ணிப் பைகளை நிரப்பினோம், கொதிக்காமல், கை தாங்கும் சூட்டில். அவள் அவற்றைத் துவாயில் சுற்றினாள். பனியின் மேல் ஒன்று, குழாயைச் சுற்றி ஒன்று, வெளியே படகின் விலாவில் ஒன்று. ஒன்று ஆறியதும் எடுத்து என்னிடம் தருவாள். நான் முற்றத்தைக் கடந்து குசினிக்கு ஓடுவேன். என்னுடைய அலையும் கால்களுக்கு வாழ்க்கையில் முதல்தரம் சரியான உத்தியோகம் கிடைத்தது. அவள் மட்டும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. வைக்கோல் தூசி வெளிச்சத்தில் மிதந்தது. ஒரு கை பையின் மேல், மறு கை படகின் மேல். நாடி பிடிப்பவள் மாதிரி. மச்சான் குளிரில் காலை உதறிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை," என்றார் கடைசியில், மெல்ல. "எனக்குத் தெரிஞ்ச ஒருதர் போட் ஒண்டு கேட்டவர். நான் ஒண்டும் சொல்லேல்லை. சும்மா சொல்லுறன்."

"கேக்கட்டும். முதல்ல உருகட்டும்."

"உடைஞ்சிருந்தாலும் நீ சொன்னதுக்காக..."

"அண்ணை. உடைஞ்சிருந்தால் அவருக்குக் குடுங்கோ. உடைஞ்சது எண்டும் சொல்லிக் குடுங்கோ. சொன்னது சொன்னதுதான்."

நான் ஆறின பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்தப் பெண் தன் ஒரே அமைதியான இடத்தை இழக்கப் போகிறாளா இல்லையா என்பது அந்தக் கட்டிக்குள் இருக்கிறது; அவளோ அதை ஒரு கம்பியால் குத்திப் பார்க்கக்கூட ஆசைப்படவில்லை. அது தன் பாட்டில் கரைய இடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொறுமை என்று நான் என் கதைகளில் பல இடங்களில் எழுதியிருக்கிறேன். எழுதியதெல்லாம் பொறுமைக்குப் பக்கத்து வீடு.

மத்தியானம் தாண்டியதும் கட்டி அசைந்தது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கி வாளியில் வைத்தாள். வெளிவாய் அடைப்பைக் கழற்றியதும் குழாய்க்குள் நின்ற பனி ஒரு வெள்ளை விரல் போல் வழுக்கி வந்தது. வெளியே குழாயைப் பூட்டியிருந்த இடத்தை டோர்ச் அடித்துப் பார்த்தாள். நகத்தால் சுற்றிவரக் கீறிப் பார்த்தாள்.

"தெரியுதோ ஏதும்?" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாமலும் வெடிக்கும். தண்ணி விட்டுத்தான் பாக்கோணும்."

வெளிவாயை மறுபடி அடைத்தாள். விவசாயி தந்த வாளித் தண்ணீரை, இளஞ்சூடாக்கி, தொட்டிக்குள் மெல்ல விட்டாள். நாங்கள் இவ்வளவு நேரமும் வெளியேற்றப் பாடுபட்ட அதே தண்ணீரை! பிறகு சமையல் கடதாசியைக் கிழித்து, பூட்டைச் சுற்றி, காயத்துக்குக் கட்டுப்போடுவது போலச் சுற்றினாள். டிரெய்லருக்குக் கீழே வைக்கோலைப் போட்டு மல்லாந்து படுத்தாள். நானும் பக்கத்தில் போய்ப் படுத்தேன். தலைக்கு மேல் சிவப்பு உடம்பு, வெள்ளிப்பொடி. வெயிலே இல்லாத இடத்திலும் அது மினுங்கிக்கொண்டிருந்தது. விவசாயி வாசலில் நின்று மச்சான் கொடுத்த பொங்கலைத் தின்றார். இது காலைச் சாப்பாடா, மத்தியானச் சாப்பாடா என்று கேட்டார். மச்சான் ஜெர்மனில் சொல்லத் தொடங்கி, சூரியன், அரிசி, மாடு என்று எங்கேயோ போய்ச் சிக்கிக்கொண்டார்.

"ஈரமாகுதோ?" என்றேன்.

"சும்மா கிடவுங்கோ."

கிடந்தேன். அவள் கடதாசியைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் கும்பிடுகிறாளா, நேரம் பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கையை உயர்த்தி, கடதாசியின் ஒரு நுனியைப் பிடித்துச் சுருளைக் கழற்றினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். விரலை விடக் கன்னத்துக்கு ஈரம் சரியாகத் தெரியும் என்று பிறகு சொன்னாள். அந்தக் கடதாசியை என் கன்னத்திலும் வைத்தாள்.

காய்ந்திருந்தது.

"என்னவாம்?" என்று மச்சான் கத்தினார்.

"அந்த ஆளுக்கு வேற போட் பாருங்கோ அண்ணை!"

மச்சான் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த புறாக்கள் கிளம்பின. விவசாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார். நான் எழும்பி அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் அதற்குள் மறுபக்கம் போய்விட்டாள். அடைப்பைக் கழற்றி, தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. உறைபனி திரும்பி வரும் நேரம். துவாயை முறுக்கி, தொட்டியின் மூலைகளை ஒற்றினாள். உள்ளங்கையால் தடவினாள். திரும்ப ஒற்றினாள்.

"இஞ்சை வாங்கோ," என்றாள் என்னைப் பார்த்து. "குழாய் வளைவுக்குள்ளை இன்னும் கொஞ்சம் நிக்குது. துவாய் போகாது. நீங்கள் உள்ளுக்கிருந்து ஊதுங்கோ, நான் வெளியிலை கையை வைச்சுப் பாக்கிறன்."

நான் தொட்டிக்குள் தலையை விட்டு, குழாயில் வாயை வைத்தேன். ஆறு, மீன், பித்தளை, மாவிலை, எல்லாம் சேர்ந்த ஒரு சுவை. ஊதினேன். படகின் உடம்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளது குரல் கேட்டது.

"ஓம், வருது. இன்னும் ஊதுங்கோ."